நூற்று முப்பத்திரண்டுக்குக் கீழே

பியோ சார் வெள்ளைப் பலகையில் பெரிதாக 132 என்று எழுதினார்.

"என் ஐக்யூ! சாப்பிட்டுட்டு சும்மா போன்ல டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன். இருபது கேள்வி, பத்து நிமிஷம். நீங்களும் எடுங்க, வரிசையா கீழ எழுதுங்க."

தென்கொரியாவின் தேகு நகரில் குளியலறைக் குழாய் விற்கும் கம்பெனி எங்களுடையது. பியோ சார் டீமுக்குத் தலைவர், அவருக்குக் கீழே நாங்கள் ஐந்து பேர். மனிதருக்கு எதிலும் தான்தான் முதலில் நிற்க வேண்டும்.

துணைத் தலைவர் யாங்குக்கு முதல் தடவை 137 வந்தது. சத்தமில்லாமல் இன்னொரு தடவை எடுத்தார். 129 வந்த பிறகுதான் எழுந்துபோய் எழுதினார். அவருக்கு அடுத்தவர் 124. அதற்குக் கீழே வர நான் மூன்று தடவை முயற்சி செய்தேன். 119 கிடைத்தது. எனக்கு அடுத்தவன் 112.

கடைசியாக யோன்ஜு. ஒப்பந்தத்தில் இருக்கும் பெண். மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு நாளுக்காக இரண்டு வருடமாக நாயாய் உழைத்தவள்.

"சார், எனக்கு நூத்தி நாப்..."

யாங் அவள் நாற்காலியை உதைத்தார். "உனக்கு நுன்ச்சியே கிடையாதா?" என்று பல்லைக் கடித்தார்.

எதிரில் இருப்பவர் மனசை முகத்திலேயே படித்து நடந்துகொள்வதுதான் நுன்ச்சி. அது இல்லாதவர் எங்கள் ஊர் ஆபீஸ் எதிலும் குப்பை கொட்ட முடியாது. யோன்ஜு புரிந்துகொண்டாள். மறுபடி எடுத்து, பாதிக் கேள்விகளைத் தொடாமலே விட்டுவிட்டு, 97 என்று எழுதினாள்.

பியோ சார் பலகையைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"பாத்தீங்களா! பதவி எப்படி இறங்குதோ அப்படியே அறிவும் இறங்குது. என்ன துல்லியமான டெஸ்ட்டுப்பா! யோன்ஜு, தொண்ணூத்தி ஏழா? கவலைப்படாதே, காபி நல்லா கலக்குறே."

அதோடு விட்டாரா? சியோலில் இருக்கும் இயக்குநருக்கே போன் போட்டு அளந்தார்.

மூன்று மணிக்கு இயக்குநரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

'பியோ சொன்ன டெஸ்ட்டை எல்லா டீமும் எடுத்து, ஐந்து மணிக்குள் மதிப்பெண்களை அனுப்பவும். ஒவ்வொரு டீமிலும் கடைசியாக வருபவர் கிடங்குக்கு மாற்றப்படுவார். ஒப்பந்த ஊழியராக இருந்தால் ஒப்பந்தம் முடிக்கப்படும்.'

யோன்ஜுவின் முகத்தில் ஈயாடவில்லை. எங்களுக்கு அவளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

யாங்தான் துணிந்து பேசினார். "சார், அவளோட நிஜ மார்க்கு நூத்தி நாப்பத்தி ஒண்ணு. நாங்க எல்லாருமே... கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதினோம்."

"ஏன்?"

"நீங்க முதல்ல எழுதிட்டீங்களே, சார்."

பியோ சாரின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ஓஹோ. என்னைக் கோமாளியாக்கிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கீங்க. சரி, அவ மார்க்கை ஏத்திடறேன். அப்ப உங்கள்ல ஒருத்தர் கடைசி ஆகணும். யாரு போறீங்க?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நானும்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப பேசாம இருங்க. போர்டுல இருக்கறது அப்படியே போகும். உங்கள்ல ஒருத்தரும் மறுபடி டெஸ்ட் எடுக்கக் கூடாது. இது என் உத்தரவு!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. மனிதர் போனை எடுத்து அதே டெஸ்ட்டைத் திறந்தார். முடித்தார், உதட்டைப் பிதுக்கினார், திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்.

"நமக்குத்தான் உத்தரவு. அவர் மட்டும் எடுக்கலாமாம்," என்றார் யாங்.

"நூத்தி நாப்பத்தி ஒண்ணைத் தாண்டணும்ல? ஒரு பொண்ணுக்கு வேலை போகுது, இவருக்கு மார்க்கு முக்கியம்," என்றேன் நான்.

நான்காவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை அழுத்தினார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து எங்களுக்கு எரிச்சலாக வந்தது.

யோன்ஜு தன் கோப்பையையும் ஆபீஸ் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். "பரவாயில்ல, எனக்கு வேற வேலை கிடைக்காமலா போயிடும்?" என்றாள்.

ஐந்து மணிக்குப் பியோ சார் தன் அறையிலிருந்தே மதிப்பெண் பட்டியலை அனுப்பினார். ஐந்தே நிமிடத்தில் அவர் மேசைத் தொலைபேசி அடித்தது. இயக்குநருக்கு எப்போதும் எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். கதவைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"யோவ் பியோ! உன் டீம்ல அறுபத்து மூணு எடுத்த அந்த மடையன் யாருய்யா? கம்பெனியிலேயே கடைசி! பேரைப் படிக்கக்கூட இல்ல, அந்த நம்பரைப் பாத்ததுமே எனக்குத் தலை சுத்திருச்சு!"

அறுபத்து மூன்றா? எங்கள் யாருக்கும் அந்த எண் இல்லையே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பியோ சார் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் குரலில் இருந்த பெருமையை அதற்கு முன்னால் நாங்கள் கேட்டதில்லை.

"நான்தான் சார். என் டீம்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருமே என்னைவிட புத்திசாலிங்க!"