ஈயம் தின்னும் பாசி

"யானையைச் சங்கிலியோட இந்தப் பீப்பாய்ல இறக்கினாலும், என் கடல்பாசி சங்கிலிய மட்டும் தின்னுட்டு யானையைக் குளிப்பாட்டி அனுப்பும்" என்றார் மாமனார்.

பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் எடுக்கும் பட்டறை அவருடையது. கழுவின தண்ணீரில் கலந்த ஈயத்தைக் காய்ந்த கடல்பாசியே உறிஞ்சிவிடும் என்று ஒரு வாரமாக அவர் அளந்த அளப்பில், சுவரில் ஒட்டியிருந்த பல்லிக்கே காது அடைத்திருக்கும்.

"சரிங்க மாமா. யானைக்குச் சோப்பு யாரு போடறது?" என்றார் மாப்பிள்ளை. வேதியியல் படித்தவர், அதே பட்டறையில் சம்பளக்காரர். பெரிய மெஷின் வாங்கினால்தான் தண்ணீர் சுத்தமாகும் என்பது அவர் கட்சி.

அந்தப் படிப்பின் மேல் மாமனாருக்கு அப்படியொரு மரியாதை. பத்து மணிக்கு முன்னால் முகம் காட்டாத மாப்பிள்ளை, இன்று விடிந்ததும் விடியாததுமாக வந்து ஆய்வு அறையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். 'வாங்கின பட்டத்துக்கு ஏத்த வேலையை இப்பவாவது கண்டுபிடிச்சாரே' என்று மாமனார் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

பதினோரு மணிக்குப் பட்டறைத் தண்ணீரைச் சோதிக்க அரசுப் பரிசோதகர் வந்தார். முகத்தில் சிரிப்பை மறந்துவிட்டு வந்த பெண்மணி. பாசி மூட்டைகள் இரண்டு நாளாக ஊறிய பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி மொண்டு கருவியில் விட்டார். கருவியைத் தட்டினார். மறுபடியும் விட்டார்.

"ஈயமே இல்லையே."

மாமனாரின் மார்பு, பட்டறைக் கதவு போதாத அகலத்துக்கு விரிந்தது.

"பேட்டரி கழுவின தண்ணி இவ்வளவு சுத்தமாவா இருக்கும்? குழாய்த் தண்ணியப் பிடிச்சு வச்சு, மேல பாசியப் போட்டிருக்கீங்க. பாசி வேலை செய்யலைன்னா மெஷின் வாங்க மூணு மாசம் குடுத்திருப்பேன். ஏமாத்தினதுக்கு இன்னைக்கே பூட்டு."

"சத்தியமா இது கழுவின தண்ணிம்மா."

"யாரு பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. யானையைக் குளிப்பாட்டின வாயை இனி யார் நம்புவார்கள்? போயும் போயும் இந்த ஆளிடமா கையேந்துவது என்று மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார்.

பரிசோதகர் பையிலிருந்து பூட்டை எடுத்தார். சீல் வைக்க அரக்கையும் எடுத்தார்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"பூட்டாதீங்க மேடம். மாமா தோக்கணும்னு இன்னைக்குக் காலைல அந்தப் பீப்பாய்ல ரெண்டு லிட்டர் ஈயக் கரைசல் ஊத்தினதே நான்தான்."