காலை பஸ்

"பஸ்ஸு வந்தா மறுபடியும் பள்ளிக்கூடம் போவியா?" என்று இளைஞர் மன்றத்து ராஜகுரு ஒருநாள் லிங்கம்மாளிடம் கேட்டான். கூச்சத்தில் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் மன்றத்துப் பிள்ளைகளுக்கும் பெஞ்சு போட்ட காலம். பள்ளிக்கூடம் இருந்த திருச்சுழிக்குக் காலை பஸ் கேட்டு ராஜகுரு மனு கொடுத்தான்.

"அம்புட்டுத் தூரம் நடக்க ஏலாம பொம்பளப் புள்ளைக படிப்ப விட்டுருச்சுக, ஐயா."

பஞ்சாயத்துத் தலைவர் சிரித்தார். "யாருலே விட்டது? ஒருத்தி பேரச் சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

பெயர் தெரிந்தும் ராஜகுரு வாய் திறக்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து லிங்கம்மாள் எழுந்தாள். "நாந்தான். பஸ்ஸு இல்லன்னு நீங்கதானேப்பா நிப்பாட்டுனீக!"

தலைவர் மகளையே பார்த்தார். பிறகு மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.