முழு ரேட்டு

"சும்மா வாசிக்கணும்னா வேற செட்டைப் பாருங்க அண்ணாச்சி. நாங்க அத நிறுத்தியாச்சு."

பிரைட்டன் இதைச் சொல்லிவிட்டுத் தைரியத்துக்காக ஒருமுறை அடுக்களைப் பக்கம் பார்த்தான். கதவோரத்தில் நின்ற மனைவி ஜெனிலா, இன்னும் சத்தமாகச் சொல்லும்படி கண்ணைக் காட்டினாள்.

எதிரே நாற்காலியில் வில்பிரட் அண்ணாச்சி. முத்தையாபுரம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அவருடைய உப்பளம்தான். ஆனால் பேரனுக்கு ரெண்டு மிட்டாய் வாங்கினாலும் கடைக்காரரிடம் ஒன்று கொசுறு கேட்காமல் நகர மாட்டார்.

"ஏலே, இருவது வருசமா எங்க வீட்டுல உன் பேண்டு செட்டுதான. மூத்தவ கல்யாணம், எளையவ கல்யாணம், பேரன் ஞானஸ்நானம்... எதுக்காவது துட்டு கேட்டிருக்கியா நீ?"

"எல்லாத்துக்கும் கேட்டேன் அண்ணாச்சி. உங்க காதுலதான் விழல."

"ஊர்ல பாதிப் பேரு எங்க வீட்டு வாசல்லதான் உன் டிரம்பெட்டக் கேட்டான். அது விளம்பரம்லா?"

ஜெனிலாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த விளம்பரத்தப் பாத்து வந்தவுக எல்லாருமே சும்மாதான் வாசிக்கச் சொன்னாக. டிஜேக்காரன் பெட்டிய எறக்கதுக்கு முன்னாலயே பாதித் துட்ட வாங்குதான். அவன்கிட்ட யாராச்சும் விளம்பரம்னு சொல்லுதாகளா?"

"அவன் கரண்டுல வாசிக்கான். உன் புருசன் ஊதுறது வெறும் காத்துதான? காத்துக்கு என்னளா துட்டு?"

"நீங்களும் கடல் தண்ணியத்தான வெயில்ல காய வச்சு விக்கீங்க? அத சும்மாவா குடுக்கீங்க?"

பிரைட்டனுக்கு மனைவியை எழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

போன மாதம் ஒரு திருவிழாவில் வெறும் பிரியாணிக்கு வாசித்துவிட்டு வந்த மறுநாளே, கிளாரினெட் வாசிக்கிற வளன் துறைமுகத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான். மிச்சமிருந்த ஏழு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை சும்மா வாசித்தால் பேண்டு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். பிரைட்டனுக்கு டிரம்பெட்டை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது. ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு பேசாமல் யாருக்கும் தேதி கொடுப்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்திருந்தான்.

"சரி, எவ்வளவுலே?" என்றார் அண்ணாச்சி.

"எட்டுப் பேரு... பன்னெண்டாயிரம்." பிரைட்டன் மறுபடியும் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சரி."

பிரைட்டன் தன் காதையே நம்பவில்லை. ஜெனிலா கரண்டியோடு முன்னறைக்கே வந்துவிட்டாள்.

"ஒத்த ரூவா கொறைக்கச் சொல்ல மாட்டேன். சாப்பாடு தனி. ஆனா ஒண்ணு, ஊரே திரும்பிப் பாக்கணும். அப்படி வாசிக்கணும்."

"பின்னிருவோம் அண்ணாச்சி! எங்கருந்து எங்க?"

"எங்க வீட்டுல இருந்து கோயிலுக்கு. எனக்கு வண்டி. வண்டி பூரா பூ அலங்காரம். நீங்க முன்னால வாசிச்சிட்டே போகணும்."

ஜெனிலாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "அம்பதாவது கல்யாண நாளா அண்ணாச்சி?"

அவர் சிரித்தார். "வீட்டுல உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்டுராத தாயி. இப்பவே தெரிஞ்சா அழுதுருவா."

ஜெனிலாவுக்கும் கண் கலங்கிவிட்டது. இந்த மனுசனையா இத்தனை வருடமும் கஞ்சன், கஞ்சன் என்று கரித்துக் கொட்டினோம்!

"தேதி அண்ணாச்சி?"

"இன்னும் முடிவாகல. சின்னவன் துபாய்ல இருந்து வரணும். சேதி போனா அடுத்த ஃப்ளைட்டுலயே வந்துருவான். உனக்கும் உடனே ஆள் அனுப்பச் சொல்லுதேன்."

"அட்வான்ஸ்..." என்று இழுத்தான் பிரைட்டன்.

"அது எனக்குப் பழக்கமில்லலே. மொதல்ல நீ வாசி. மூணாம் நாள் காலைல நானே நேர்ல இங்க வந்து, உன் கையில பன்னெண்டாயிரத்தையும் எண்ணி வைக்கேன். வேற ஆளக்கூட அனுப்ப மாட்டேன். மாதா மேல சத்தியம். போதுமா?"

பிரைட்டன் தயங்கினான். அட்வான்ஸ் இல்லாமல் ஆட்களிடம் என்ன சொல்வது? ஜெனிலா அவன் தோளில் இடித்தாள். "அதான் மாதா மேலயே சத்தியம் பண்ணிட்டாகல்லா. முழு ரேட்டு! எழுதுங்க."

அவன் புக்கிங் நோட்டை எடுத்தான். பெயர் எழுதினான், விலாசம் எழுதினான். "என்ன விசேஷம்னு போட? பொன்விழானு போடட்டா?"

அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அடக்கம்னு போடு."

"யாரு அடக்கம்?"

"என் அடக்கம்தாம்லே. பின்ன, வேற எவன் சாவுக்கு நான் பன்னெண்டாயிரம் செலவழிப்பேன்?"

பிரைட்டன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவன் வாயைத் திறக்கும் முன் ஜெனிலா கரண்டியோடு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, இவுக சும்மாவே வந்து வாசிப்பாக. மூணாம் நாள் காலைல நீங்க மட்டும் இங்க வந்துராதீங்க!"