நிரம்பாத தொட்டி

தெருவில் ஏழு பேருக்கு மஞ்சள் காமாலை. கிணற்றுத் தண்ணீரில் வைரஸ் என்றார்கள். சாயங்காலம் மண்ணடித்துக் கிணற்றை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. அதற்குள் வைரஸ் வந்த வழியைப் பார்த்துவிடலாம் என்று, ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கிணற்றுச் சுவரில் வைத்தார்கள்.

"நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்லை, தம்பி," என்று அழுதது கிணறு.

"பொறுங்க. மண், சரிவு, மழை எல்லாம் போட்டு, பூமிக்கடியில தண்ணி எப்படி ஓடுதுன்னு வரைஞ்சுக்கிட்டிருக்கேன்," என்றது கம்ப்யூட்டர்.

முப்பதடி தள்ளியிருந்த செப்டிக் டேங்க் குரல் கொடுத்தது.

"என்னை அந்தப் படத்துல சேர்க்காதே. வீட்டுல ஒன்பது பேர். கட்டிப் பதினைஞ்சு வருஷம். ஒரு தடவைகூட நான் நிரம்பினதில்லை. கழிவு லாரி எங்க வாசலையே மிதிச்சதில்லை!"

கம்ப்யூட்டர் வரைவதை நிறுத்தியது.

"அண்ணே, உங்களுக்கு அடியில தளம் போட்டாங்களா?"

டேங்க்கின் குரல் இறங்கியது. "அதுக்கு மட்டும் சிமெண்ட் பத்தலைன்னாங்க."

"அடப்பாவி!" என்று அலறியது கிணறு. "கோடையிலும் நான் வத்தலையே, நம்ம ஊற்று நல்ல ஊற்றுன்னு இருந்தேனே!"

சாயங்காலம் மண்வண்டி வந்தது. கம்ப்யூட்டர் போட்டிருந்த சிவப்பு அம்பைப் பார்த்துவிட்டு, கிணற்றைத் தாண்டி முப்பதடி போய் நின்றது.