பாதியில் நின்ற கடிதம்

பொற்கொடியின் கணினிக்குப் புதிய இயங்குதளம் போட்டபோது, அதோடு இலவசமாக வந்து சேர்ந்த எழுத்துச் செயலியின் பெயர் மைனா. இரண்டு மாதமாகியும் அதை அவள் தொடவே இல்லை. பாட்டுக் கேட்பாள், படம் பார்ப்பாள், மூடிவிடுவாள். யாராவது நாலு வரி எழுத மாட்டார்களா என்று மைனா ஏங்கிக் கிடந்தது.

பக்கத்தில், பொற்கொடி எப்போதோ எழுதத் தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு பழைய கடிதம் இருந்தது.

“உன்னை நான் திறந்து பார்க்கட்டுமா?” என்று மைனா கேட்டது.

“வேண்டாம். நான் பழைய செயலியில் பிறந்தேன். நீ தொட்டால் என் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அந்தப் பழைய செயலியே வந்து திறக்கட்டும்” என்றது கடிதம்.

“புதிய இயங்குதளத்தில் அதற்கு இடமில்லை. அது இனி இந்தக் கணினிக்கு வராது.”



ஒரு ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி அந்தக் கடிதத்தைச் சொடுக்கினாள். மைனா பதறிப்போய், தன்னிடம் இருந்த எழுத்துருவைப் போர்த்தி அதைத் திறந்தது. ஓரம் கொஞ்சம் கோணியது. ஆனால் எல்லா எழுத்தும் தெரிந்தது.

“அக்கா, அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.” அதோடு கடிதம் நின்றிருந்தது.

பொற்கொடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மூடிவிடுவாளோ என்று மைனா பயந்தது. அவள் அடுத்த வரிக்குப் போய், “இந்தப் பொங்கலுக்கு நான் வரலாமா?” என்று தட்டத் தொடங்கினாள்.

“பார்த்து,” என்றது கடிதம் மைனாவிடம் மெல்ல, “ஓர் எழுத்தையும் விட்டுவிடாதே.”