கேட்காத பாட்டு

“அந்த அசிங்கத்த நான் காதால கேட்டதில்ல, ரெவரெண்ட். கேட்டவங்க சொன்னாங்க,” என்றார் மதர் ஜினோபியா. அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரத்துத் தேவாலயச் சபை ஒன்றின் மூத்த பெண்மணி; ‘மதர்’ என்பது சபை தந்த மரியாதைப் பட்டம். அவர் எழுந்தால் எல்லாக் கைவிசிறிகளும் நின்றுவிடும். இன்றும் நின்றன.

ஆராதனை முடிந்து வெகுநேரமாகியும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

பீடத்துக்கு முன்னால் வெர்டெல் நின்றாள். பத்தொன்பது வயது. பால்பல் விழுந்த நாளிலிருந்து இங்கே பாடகர் குழுவில் பாடுகிறவள். போன மாதம் ஒரு காதல் பாட்டை எழுதி, பாடி, இசைத்தட்டாகவும் போட்டுவிட்டாள். ரேடியோவில் ஓயாமல் ஓடுகிறது.

“கர்த்தர் குடுத்த குரல சாராயக்கடைப் பாட்டுப்பெட்டிக்கு வித்துட்டா. இன்னியோட இவள குழுவவிட்டு நீக்கணும்.”

“ஆமென்,” என்றது பின்வரிசை.

வருகிற ஞாயிறு ஈஸ்டர். முதல் பாட்டு வெர்டெல்லுடையது. ரேடியோ நாளைக்கே அவளை மறந்துவிடும். இந்தக் குழுவும் போனால் எங்கே போய்ப் பாடுவாள்?

ரெவரெண்ட் ப்ரூயிட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“கேக்காம எப்படித் தீர்ப்பு சொல்றது? இங்க யாராவது கேட்டிருக்கீங்களா?”

இல்லை என்று எல்லாத் தலைகளும் ஆடின.

“அப்ப நீயே பாடும்மா.”

ஆர்கன் வாசிக்கும் லான்ஸோ எந்தச் சுருதி என்று அவளைக் கேட்கவில்லை. சரியாக எடுத்தார்.

வாயைத் திறக்கும்போதுதான் வெர்டெல்லுக்கு அந்த யோசனை வந்தது. அவள் முதலில் எழுதியது ஜெபப் பாட்டுதான். ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னது ஸ்டூடியோக்காரர். அதைப் பழையபடி மாற்றினாள்.

“ஆண்டவரே, கதவை நான் சாத்தவில்லை... ஆண்டவரே, விளக்கை நான் அணைக்கவில்லை...”

“பாடு, மகளே!”

விசிறிகள் தாளத்துக்கு அசைந்தன. இரண்டு பேர் எழுந்து கைகளை உயர்த்தினார்கள். ரெவரெண்ட் இந்தமுறை கண்ணைத் துடைத்தார்.

“மதர், இது துதிப் பாட்டு. உங்ககிட்ட யாரோ தப்பா சொல்லியிருக்காங்க.”

வெர்டெல்லுக்கு மூச்சு வந்தது.

மதர் ஜினோபியா தொப்பி சரிய மறுபடி எழுந்தார்.

“தப்பாவா? ரெக்கார்டுல ‘ஆண்டவரே’ எங்க வருது? ‘அன்பே’ன்னுதான் இவ எடுப்பா. எடுத்து, அப்படியே கீழ இறக்கி, இப்படி ஒரு வளைப்பு வளைச்சு...”

கண்ணை மூடி வளைத்தே காட்டினார். லான்ஸோ ஓர் இடத்திலும் பிசகாமல் கூடவே போனார்.

பாடி முடித்தபோது சபை முழுவதும் அவரையே பார்த்தது.

“மதர்,” என்றார் ரெவரெண்ட் மெதுவாக, “நீங்க கேட்டதே இல்லன்னீங்களே?”

மதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

“இதுகூடப் பரவாயில்ல, ரெவரெண்ட். ரெண்டாவது சரணம் படு மோசம். அதையும் பாடச் சொல்லுங்க.”