தண்ணீர் அலாரம்

ஏன் சத்தம் வரவில்லை? பேட்டரி புதுசு. டம்ளரில் உப்புத் தண்ணீரும் நிறைந்திருக்கிறது. வயரைத்தான் மாற்றி இணைத்துவிட்டேனோ?

பாஞ்சாலி நாக்கைக் கடித்தபடி பஸரின் சிவப்பு வயரை அவிழ்த்தாள்.

“இன்னும் முடிக்கலையா நீ? நாளைக்கு ஸ்கூல்ல எக்ஸிபிஷன்!” வாசலிலிருந்து அதட்டல் வந்தது.

“இரு, ஒரே நிமிஷம்.”

“நேத்தும் இதையேதான் சொன்னே.”

வயரை மாற்றி இணைத்ததும் பஸர் கீச்சென்று அலறியது. பாஞ்சாலிக்குக் கண் கலங்கியது. வகுப்பில் எல்லாவற்றையும் டீச்சரேதான் செய்து காட்டுவார். கடைசி பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி, ஒரு வயரைக்கூடத் தொட்டதில்லை.

“அப்பாடா! கொடும்மா, பையில வெச்சுக்கறேன்.” நாலாம் வகுப்பு படிக்கும் மகள் சிந்து கை நீட்டினாள்.

இருபத்தைந்து வருஷத்து ஆசை பாஞ்சாலியின் மடியில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

“உங்க மிஸ் கொடுத்த சாமானெல்லாம் பிரிக்காம அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வா, நீ செய். நான் பக்கத்துல உட்காந்துக்கறேன்.”

“எங்க கிளாஸ் ஷில்பாவுக்கு அவங்கம்மாதானே செஞ்சு கொடுத்தாங்க! இது யாருக்காம்?”

“எனக்கு. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல தேடித் தேடி வாங்கினேன்,” என்ற பாஞ்சாலி, டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். “இதைத் தரமாட்டேன், கண்ணு.”